மாணவர்கள் கற்பிக்கும் பாடநெறிக்குக் கிரெடிட் வழங்குவது: கையொப்பமிடும் விரிவுரையாளரின் பொறுப்பு எதுவரை?

கேள்வி
எழுதியவர்: கம்பளைக்காரர்

இலங்கையின் மலையகத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கலைப் பீடத்தில் வரலாறு கற்பிக்கிறேன். எமது திணைக்களத்தின் இறுதியாண்டு மாணவர்கள் நால்வர், மலையகத் தோட்டங்களின் வாய்மொழி வரலாறு என்ற பொருளில் ஒரு பாடநெறியைத் தாங்களே வடிவமைத்து, முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தாங்களே கற்பிக்க விரும்புகிறார்கள். அது இரண்டு கிரெடிட் கொண்ட விருப்பத் தெரிவுப் பாடமாக இருக்க வேண்டும் என்பதும், பொறுப்பு விரிவுரையாளர் என்ற இடத்தில் நான் கையொப்பமிட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. திணைக்களத் தலைவர் இதை மறுக்கவில்லை. எழுத்தில் ஒரு முன்மொழிவு வந்தால் பீடச் சபைக்கு அனுப்பலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மாணவர்களின் திறமையில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். தங்கள் பாட்டன், பாட்டிமாரின் நினைவுகளை இரண்டாம் ஆண்டிலிருந்தே பதிவு செய்து வருகிறார்கள். என்னுடைய பயிற்சி முழுவதும் ஆவணக் காப்பகத்தைச் சார்ந்தது. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்து வாழ்க்கையைப் பற்றி அவர்கள் அறிந்ததில் பாதிகூட நான் அறியேன். என் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு பொருளில் என்னைவிடக் கூடுதலாகத் தெரிந்தவர்களை நான் மேற்பார்வை செய்வது என்றால், நான் உண்மையில் எதை மேற்பார்வை செய்கிறேன்?

சக விரிவுரையாளர்களிடம் கேட்டபோது இரண்டு விதமான பதில்கள் கிடைத்தன. பரீட்சைக்கு முன் பிள்ளைகள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் குப்பி வகுப்பைப் போன்றதுதானே இதுவும், அதற்கு எதற்குக் கிரெடிட் என்றார் ஒருவர். கையொப்பத்தைப் போட்டுவிட்டு நடத்துவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், பருவ முடிவில் புள்ளிப் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் மற்றவர். முதலாமவரின் பதில் மாணவர்களுக்கு அநீதி என்று தோன்றுகிறது. இரண்டாமவர் சொன்னபடி செய்தால் அது பரீட்சை ஒழுங்குக்கே பொருந்தாது. வெளிநாடுகளில் இவ்வகைப் பாடநெறிகள் எவ்வாறு நடத்தப்படுகின்றன, புள்ளியிடுவது யார், வகுப்பில் நான் எத்தனை முறை அமர்ந்திருக்க வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.


பதில்
எழுதியவர்: கன்னொருவை வாசகர்

நான் பட்டப்பின் படிப்பைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முடித்தவன். அங்கு மாணவர்கள் நடத்தும் பாடநெறிகளை டீகால் என்று அழைப்பார்கள். நூலக வாசலிலிருந்து சிற்றுண்டிச்சாலை வரை அவற்றுக்கான விளம்பரங்கள் ஒட்டப்பட்டிருக்கும். சதுரங்கம், கணினி நிரலாக்கம், சிறுபான்மையினர் வரலாறு என்று எதுவும் அதில் இடம்பெறலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு கட்டற்ற சந்தை போலத் தெரியும். ஆனால் உள்ளே உள்ள அமைப்பு அவ்வளவு தளர்ந்ததன்று.

இப்பாடநெறிகள் யாவும் குழுக் கற்கைக்கென ஒதுக்கப்பட்ட 98, 198 என்ற இலக்கங்களின் கீழ் மட்டுமே பதிவாகும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பாளராகப் பெயர் கொடுத்து, பாடத்திட்டத்தைப் பார்த்து, தாம் ஏன் இதை ஆதரிக்கிறார் என்பதைத் தெரிவிக்க வேண்டும். திணைக்களத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். அதற்கு மேல் ஆசிரியர் மூதவையின் பாடநெறிக் குழுவின் விதிகள் உள்ளன. தர எழுத்துகள் வழங்கப்படுவதில்லை. சித்தி அல்லது சித்தியின்மை என்பது மட்டுமே பதிவாகும். ஆகவே மாணவரின் தரப் புள்ளிச் சராசரியை இது கூட்டவும் மாட்டாது, குறைக்கவும் மாட்டாது. வகுப்பை நடத்தும் மாணவர் வருகையைக் குறிக்கலாம், பயிற்சிகளைத் திருத்திக் கருத்து எழுதலாம். பதிவாளருக்குச் செல்லும் இறுதி முடிவு பொறுப்பு ஆசிரியருடையது. உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கற்பிப்பதைப் பகிர்ந்து கொடுக்கலாம். புள்ளிக்கான பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்க முடியாது.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் உருவாகவில்லை. 1968இல் பெர்க்லியில் சமூகப் பகுப்பாய்வு 139எக்ஸ் என்ற பாடநெறி மாணவர்களின் முன்முயற்சியால் தொடங்கப்பட்டது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் போராட்டக் கட்சியான கருஞ்சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்த எல்ட்ரிட்ஜ் கிளீவர் அதில் பத்து விரிவுரைகள் நிகழ்த்துவதாக இருந்தது. ஆசிரியர் தரப்பு அனுமதித்திருந்த அந்தப் பாடநெறியில் பல்கலைக்கழக ஆளுநர் சபை தலையிட்டு, பல்கலைக்கழக நியமனம் பெறாத ஒருவர் ஒரு பருவத்தில் ஒரு விரிவுரைக்கு மேல் நிகழ்த்தலாகாது என்று தீர்மானித்தது. அப்போது மாநில ஆளுநராக இருந்த ரொனால்ட் ரேகன் வெளிப்படையாகவே அதை எதிர்த்தார். கிரெடிட் மறுக்கப்பட்டது, மாணவர்கள் கட்டடங்களுக்குள் அமர்ந்து போராடினார்கள், பலர் கைதானார்கள். கல்வித் தரம் என்ற பெயரில் நடந்த அந்தத் தலையீட்டில் தரத்தைப் பற்றிய பேச்சு எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்பதை அக்காலச் செய்திகளை வாசிப்பவர் தாமே அளந்துகொள்ளலாம்.

அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2016 செப்டெம்பரில், பலஸ்தீனத்தைக் குடியேற்றக் காலனியம் என்ற கோணத்தில் ஆராயும் ஒரு டீகால் பாடநெறி, மாணவர்கள் பதிவு செய்து வகுப்புகளும் தொடங்கிய பின்னர் இடைநிறுத்தப்பட்டது. பீடாதிபதியின் பார்வைக்கு வர வேண்டிய பத்திரம் வரவில்லை, நடைமுறை முழுமையாகப் பின்பற்றப்படவில்லை என்பது நிர்வாகம் சொன்ன காரணம். வெளியிலிருந்து பல அமைப்புகள் முறையிட்டிருந்தன என்பதும் எல்லோருக்கும் தெரியும். பொறுப்பு ஆசிரியரையோ மாணவரையோ முதலில் கேட்காமல் நிறுத்தியது கல்விச் சுதந்திரத்துக்கு முரண் என்று ஆசிரியர்கள் கண்டித்தார்கள். பாட விவரத்தில் சில மாற்றங்களுடன் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. உங்கள் மாணவர்கள் தேர்ந்தெடுத்திருப்பதும் குடியுரிமை, சம்பளம், தொழிற்சங்கம் ஆகியவற்றைத் தொடாமல் கற்பிக்க முடியாத ஒரு பொருள். ஆகவே ஒரு கையொப்பம் குறைந்தாலும் அது பிறர் கையில் ஆயுதமாகும். கடும் நடைமுறை மாணவர்களைக் கட்டுப்படுத்தத்தான் என்று அவர்கள் எண்ணக்கூடும். இத்தகைய பாடத்தில் அவர்களுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

இன்னொரு மாதிரியையும் குறிப்பிடலாம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் சோதனைக் கல்லூரி 1964இல் தொடங்கியது. அங்கு ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்த ஒரு சபை பாடநெறிகளைத் தெரிவு செய்கிறது. மேல் வகுப்பு மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து முதலாண்டினருக்குக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். ஓபர்லின் கல்லூரியிலும் 1968 முதல் இதுபோன்ற ஒன்று உண்டு. ஒவ்வோரிடத்திலும் விவரம் மாறுபட்டாலும், மாணவர் தனியாக நின்று இன்னொரு மாணவரின் பட்டத்துக்குரிய தரத்தைத் தீர்மானிக்கும் ஏற்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை.


பதில்
எழுதியவர்: பதுளை மூன்றாமாண்டு

சேர் அவர்களுக்கு, நான் மாணவி என்ற நிலையிலிருந்து ஒரு விடயத்தை மட்டும் சொல்ல விரும்புகிறேன். குப்பியை எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். நான் முதலாம் ஆண்டுப் புள்ளிவிபரவியலில் சித்தியடைந்தது விரிவுரையால் அன்று. விடுதியின் படிக்கும் அறையில் ஓர் அக்கா, பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு இரவிரவாக விளங்கப்படுத்தியதால். ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையைத் தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்துவந்த ஒருவர் எந்த இடத்தில் தவறவிடுவார் என்பது அதே இடத்தில் தவறவிட்டவருக்குத்தான் தெரியும். எந்த விரிவுரையாளரிடமும் கிடைக்காத அறிவு அது.

ஆனால் அதே அக்கா எனக்குப் புள்ளியிடுபவராகவும் இருந்திருந்தால் அந்த அறைக்கு நான் போயிருக்க மாட்டேன். இங்கே மூத்தவர், இளையவர் என்ற உறவு வெறும் வயது வேறுபாடு அன்று. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடைசெய்து எவ்வளவோ காலமாகிறது. என்றாலும் முதலாமாண்டு மாணவர் எந்த வழியால் நடக்கலாம், எந்த உடை அணியலாம் என்பதை மூத்தவர்கள் தீர்மானிக்கும் இடங்கள் இன்னமும் உள்ளன. அத்தகைய இடத்தில் மூத்தவரின் கையில் வருகைப் பதிவேட்டைக் கொடுத்தாலே அது அதிகாரம்தான். எண்பது வீத வருகை இல்லாவிட்டால் பரீட்சைக்கு அமர முடியாது என்ற ஒழுங்கும் அதனோடு சேர்ந்தால், வகுப்புக்கு வெளியே நடந்த ஒரு மனத்தாங்கலை வருகைப் பதிவேட்டில் தீர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டு விதிகளை அப்படியே கொண்டுவந்தால் இந்த விடயம் அவற்றில் இருக்காது.

எனவே வருகைப் பதிவேடு திணைக்கள அலுவலகத்தில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முறைப்பாடு செய்ய விரும்பும் இளைய மாணவர் அந்த நால்வரையும் தாண்டாமல், நேரே சேரிடமோ, இந்தப் பாடநெறியோடு தொடர்பில்லாத இன்னொரு விரிவுரையாளரிடமோ போகக்கூடிய வழி பாடத்திட்டத்தின் முதற்பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.


பதில்
எழுதியவர்: பரீட்சைக் கிளையில் முன்பு இருந்தவர்

ஐயா, பல்கலைக்கழகப் பரீட்சைக் கிளைகளில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி போதனை, பரீட்சை ஆகியவற்றின் கட்டுப்பாடு மூதவையிடம் உள்ளது. பரீட்சகர்களின் பெயர்கள் பீடச் சபை வழியாகவே மேலே செல்கின்றன. இளமாணிப் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு மாணவரின் பெயரைப் பரீட்சகர் பட்டியலில் எழுதி எந்தப் பீடாதிபதியும் மூதவைக்குக் கொண்டுபோக மாட்டார். ஆகவே புள்ளியிடுவது யார் என்ற கேள்வி உங்களுக்கு முன்னால் தெரிவாகவே இல்லை. முதற் பரீட்சகர் நீங்கள், இரண்டாம் பரீட்சகர் தகுதியுள்ள இன்னொருவர். வினாத்தாள் தயாரிப்பும் அதன் சீர்பார்ப்பும் வழக்கம்போல நடக்க வேண்டும். கற்பிக்கும் மாணவர்கள் வினாத்தாளை முன்கூட்டியே பார்க்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவர்கள் அதே விடுதிகளில் வசிப்பவர்கள். எவரையும் சந்தேகிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பின்னர் சந்தேகம் எழுந்தால் அவர்களிடமே பதில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது கிரெடிட்டின் அளவு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி கற்பிக்கப்படும் ஒரு பாடநெறியில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றலைக் குறிக்கும்; வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் யாவும் அதற்குள் அடங்கும். கன்னொருவை நண்பர் சொன்ன பெர்க்லியில் ஓர் அலகுக்கு வாரத்துக்கு மூன்று மணி நேர வேலை என்ற கணக்கு. பதினைந்து வாரத்துக்கு அது 45 மணி நேரமாகும். இரண்டும் பெரிதும் வேறுபடவில்லை. உங்கள் மாணவர்கள் இரண்டு கிரெடிட் கேட்கிறார்கள் என்றால் 100 மணி நேர வேலையைக் காட்ட வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாகப் பதினைந்து வாரம் வகுப்பு நடந்தால் 30 மணி நேரம் சரி. மீதி 70 மணி நேரத்தில் இளைய மாணவர் என்ன செய்கிறார் என்பதை முன்மொழிவில் வாரவாரியாக எழுதச் சொல்லுங்கள். மாணவர் முன்மொழிவுகள் மட்டுமல்ல, விரிவுரையாளர்களின் முன்மொழிவுகளும்கூட எனது அனுபவத்தில் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன.

என்னைக் கேட்டால், முதல் தடவை இதைக் கிரெடிட் இல்லாத சான்றிதழ் வகுப்பாக நடத்திப் பார்ப்பது நல்லது. புதிய பாடநெறி மூதவை வரை போய்த் திரும்புவதற்குள் அந்த நால்வரும் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். கிரெடிட்டே வேண்டும் என்றால், உங்கள் திணைக்களத்தில் சுயாதீனக் கற்கை என்றோ களப்பணி என்றோ ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட ஒரு பாடக் குறியீடு இருக்கிறதா என்று தேடுங்கள். அதன் கீழ் இதை நடத்த இடமிருந்தால் புதிய அங்கீகாரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.


பதில்
எழுதியவர்: நுவரெலியா வழிப்போக்கன்

எல்லோரும் விதிகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். பொறுப்பு விரிவுரையாளரின் நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இந்த மேற்பார்வை அவரது கற்பித்தல் மணித்தியாலங்களில் சேர்க்கப்படாவிட்டால், முதல் பருவத்தில் ஆர்வத்தோடு எல்லா வகுப்புக்கும் போவார், மூன்றாம் பருவத்தில் பத்திரத்தில் கையொப்பம் மட்டும் இருக்கும். பீடச் சபைக்குப் போகும் கடிதத்தில் முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.


பதில்
எழுதியவர்: ஹட்டன் வரலாற்றாசிரியை

நான் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு வரலாறு கற்பிப்பவள். பரீட்சைக் கிளை ஐயா சொன்ன நடைமுறைகளை ஏற்கிறேன். கிரெடிட் இல்லாமல் தொடங்குங்கள் என்ற யோசனையை ஏற்க முடியவில்லை. மலையகத்தைப் பற்றிய எதுவும் முதலில் சான்றிதழ் வகுப்பாக, மாலை நேரச் செயற்பாடாக, கலை விழாவில் ஒரு நிகழ்ச்சியாகத்தான் உள்ளே விடப்படுகிறது. பிறகு அது அங்கேயே நின்றுவிடுகிறது. தகுதியான வேலையைக் கேட்டு, அந்த வேலைக்குரிய கிரெடிட்டைக் கொடுப்பதுதான் முறை.

கேள்வி கேட்ட ஐயா, மாணவர்கள் தம்மைவிடக் கூடுதலாக அறிந்தவர்கள் என்று தயங்குகிறார். அவர்கள் கூடுதலாக அறிந்தது வாழ்க்கையை. வாய்மொழிச் சான்றை எவ்வாறு சோதிப்பது என்பது வேறு அறிவு. அது ஐயாவிடம் இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதைப் பற்றி வயதானவர்கள் சொல்லும் கதைகளில் இடமும் ஆண்டும் மாறும், வேறொரு தோட்டத்துப் போராட்டம் இதனோடு கலந்துவிடும், கேட்டவர் கண்டவராகிவிடுவார். அந்தச் சம்பவத்தை விசாரிக்க ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அக்காலப் பத்திரிகைகளும் எழுதின. தாத்தா சொன்னதைப் பதிவு செய்து கொண்டுவரும் மாணவருக்குப் பாதிப் புள்ளிதான். அதை ஆணைக்குழுவின் பதிவோடு வைத்துப் பார்த்து, எது முரண்படுகிறது, ஏன் அந்த முரண் இத்தனை ஆண்டுகள் நினைவில் தங்கியது என்று எழுதுபவருக்கே முழுப் புள்ளி. அரச பதிவு சொல்வதே உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு தரப்பு. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு.

குடியுரிமை விடயமும் அப்படித்தான். மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்லாத குடும்பத்தை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். அந்த ஒப்பந்தப்படி இப்படி நாடற்றிருந்தவர்களில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாக இருந்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த எண்களை மனப்பாடம் செய்வது பெரிய காரியம் அன்று. தன் பெரியம்மா எந்தப் பட்டியலில், எந்தக் காரணத்தால் தலைமன்னாரில் கப்பலேறினார் என்பதை மாணவர் இந்தப் பின்னணியில் வைத்து விளக்க முடிந்தால், அந்த 70 மணி நேரமும் உண்மையில் செலவாகியிருக்கிறது என்று நம்பலாம். ஒரு மணி நேரக் குரல் பதிவை எழுத்தில் கொண்டுவர நான்கைந்து மணி நேரமாவது பிடிக்கும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புள்ளித் திட்டத்தைவிட முன்னதாகப் பார்க்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. லயத்தில் ஒரு காம்பிராவில் பேசுவது அடுத்த காம்பிராவில் கேட்கும். சாதி, கங்காணிமார் செய்த அட்டூழியம், எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள் என்பவற்றைப் பற்றி ஒரு மூதாட்டி பேசினால், அடுத்த நாள் அவர் அதே தண்ணீர்க் குழாயடியில் நிற்க வேண்டும். கைந்நாட்டு வைத்த ஒரு படிவத்தைச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன். எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் கேட்பார்கள், வேண்டாம் என்றால் அழித்துவிடலாம் என்பதை வாயால் விளங்கப்படுத்தி, அந்த விளக்கத்தையும் பதிவின் தொடக்கத்தில் சேர்க்க வேண்டும். பதிவுகள் மாணவர்களின் கைப்பேசியில் இருக்கக்கூடாது. திணைக்களத்தில் இருக்க வேண்டும். பீடத்தில் ஆய்வு அறநெறிக் குழு இருந்தால் வகுப்பு தொடங்குமுன் அதன் அனுமதி பெறப்பட வேண்டும். மேற்பார்வையாளர் ஒரே ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க முடியும் என்றால் இதில் இருக்கட்டும். தவறாகக் கற்பித்ததை அடுத்த வாரம் திருத்தலாம். வெளியே போன பதிவைத் திரும்ப எடுக்க முடியாது.

பதுளைத் தங்கை சொன்னதைப் படித்தபோது திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையின் நினைவு வந்தது. மூத்த மாணவன் இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைச் சென்னையில் கண்ட அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூர் அநாதைச் சாலையில் அதை முறையாக்கி, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது சென்னை முறை என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. மணலில் அகரம் எழுதுவதற்கு அந்த முறை போதுமாக இருந்தது, ஏனெனில் அங்கு சரியான விடை ஒன்றுதான். அதற்கு மேல் போனபோது போதவில்லை. 1846இல் இங்கிலாந்து அதை விட்டு, தலைமை ஆசிரியரின் கீழ் ஐந்தாண்டு பயிலும் மாணவ ஆசிரியர் முறைக்கு மாறியது. அதில் ஆண்டுதோறும் பரிசோதகர் வந்து பார்க்கும் ஏற்பாடும் இருந்தது. எங்கள் தோட்டப் பாடசாலைகளிலும் ஓராசிரியர் ஐந்து வகுப்பைப் பார்த்த காலத்தில் பெரிய பிள்ளைகள்தான் சின்னப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆசிரியர் தராததால் வந்த நிலை அது. உங்கள் பாடநெறியும் விரிவுரையாளர் பற்றாக்குறைக்கு மலிவான பரிகாரமாக மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நுவரெலியா நண்பரின் கவலையும் அதுதான் என்று விளங்கிக்கொள்கிறேன்.


பதில்
எழுதியவர்: கன்னொருவை வாசகர்

ஆசிரியை அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மேற்பார்வையாளர் பொருளை முழுமையாக அறிந்திருக்க வேண்டும் என்பது கட்டாயமானால் பல்கலைக்கழகத்துக்குள் புதிதாக எதுவும் நுழைய முடியாது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தை மேடையேற்றியபோது ஆட்டமும் பாட்டும் கூத்துப் பழக்கும் கிராமத்து அண்ணாவிமாரிடம் இருந்தன. மாணவர்கள் அவர்களிடமிருந்து கற்றார்கள். பேராசிரியர் தாம் ஆடத் தெரிந்தவர் என்று நடிக்கவில்லை. எதைத் தெரிவு செய்வது, எவ்வாறு சுருக்குவது, எதை மரபு என்று ஏற்பது என்ற தீர்ப்புகளுக்கு அவர் பொறுப்பேற்றார். உங்களிடம் எதிர்பார்க்கப்படுவதும் அதுதான் என்று எனக்குப் படுகிறது.


பதில்
எழுதியவர்: கம்பளைக்காரர்

அனைவருக்கும் நன்றி. மாணவர்களுடன் அமர்ந்து முன்மொழிவை மாற்றி எழுதியிருக்கிறோம். களப்பணிக்கென எமது திணைக்களத்தில் ஏற்கெனவே ஒரு பாடக் குறியீடு இருக்கிறது. அதன் கீழ் இரண்டு கிரெடிட்டுக்கு நடத்தலாம் என்று திணைக்களத் தலைவரும் ஒப்புக்கொண்டார். அந்தக் குறியீட்டுக்குத் தரப் புள்ளி கட்டாயம் என்பதால் பெர்க்லியைப் போலச் சித்தி மட்டும் என்று வைக்க வழியில்லை. எனவே ஒப்படை, நேர்காணல் அறிக்கை, எழுத்துப் பரீட்சை மூன்றையும் நானே திருத்துவேன். நால்வரும் ஒப்படைகளின் முதல் வரைவுக்கு எழுத்தில் கருத்துச் சொல்வார்கள். புள்ளியை அறிய மாட்டார்கள். வாரம் ஒருமுறை வகுப்புக்கு முன் என்னுடன் அமர்ந்து அந்த வாரத்துப் பாடத்தை நடத்திக் காட்டுவார்கள். அறிவிக்காமல் வகுப்புக்கு வருவேன் என்று சொன்னபோது ஒருவர் முகம் சுழித்தார். புதிதாக நியமனம் பெறும் விரிவுரையாளர்களுடைய வகுப்பிலும் இப்படி ஒருவர் வந்து அமர்வதுண்டு என்று விளக்கிய பின் ஏற்றுக்கொண்டார். வருகைப் பதிவேடு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. சம்மதம் பெறும் முறை பற்றிய பகுதியை ஆசிரியை சொன்னபடி முழுமையாகத் திருத்தினோம். அறநெறிக் குழுவுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம்.

நுவரெலியா நண்பர் கேட்ட நேரக் கணக்கு மட்டும் முடிவாகவில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தை எனது கற்பித்தல் மணித்தியாலங்களில் சேர்க்குமாறு எழுதியிருக்கிறேன். அது மறுக்கப்பட்டால் ஒரு பருவத்துக்கு மேல் இதை ஏற்க மாட்டேன் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிட்டேன்.

ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. அறிக்கைகள் யாவும் தமிழில் வரும். நேர்காணல் பகுதிகள் தோட்டத்துப் பேச்சுவழக்கிலேயே இருக்கும். எங்கள் திணைக்களத்தில் தமிழ்மொழி மூலம் திருத்தக்கூடியவர் என்னைத் தவிர வேறொருவர் இல்லை. இரண்டாம் பரீட்சகருக்கு நான் எங்கே போவது?


பதில்
எழுதியவர்: பரீட்சைக் கிளையில் முன்பு இருந்தவர்

ஐயா, இரண்டாம் பரீட்சகர் உங்கள் திணைக்களத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பீடத்துத் தமிழ்த் துறையில் ஒருவர் இருந்தால் அவரை முதலில் கேளுங்கள். பேச்சுவழக்கை வாசிப்பதில் அவருக்குச் சிரமம் இராது. ஆனால் வரலாற்றுச் சான்றை மதிப்பிடும் பகுதிக்கு அவர் தயங்கினால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ தமிழில் வரலாறு கற்பிக்கும் ஒருவரை வெளிப் பரீட்சகராக முன்மொழியலாம். யாராக இருந்தாலும் புள்ளித் திட்டத்தைப் பாடநெறி தொடங்குமுன்னரே அவருக்கு அனுப்பி உடன்பாடு பெறுங்கள். விடைத்தாள்கள் குவிந்த பிறகு ஆள் தேடத் தொடங்கினால் பெறுபேறு தாமதமாகும். அந்தத் தாமதத்துக்கு மாணவர்கள் கற்பித்ததே காரணம் என்று பேச்சு எழும். பீடச் சபைக்குப் போகும்போது அவரது பெயரோடு அவரது எழுத்து மூலமான இணக்கக் கடிதத்தையும் இணைத்து, நடத்தப்படும் பருவத்தின் திகதிகளையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள்.